இருபத்து மூன்றாம் நாள் ஸ்லைடு

லிம்போசைட். இதுவும் லிம்போசைட்தான், போ. கால்மணி நேரமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு இந்தக் கண்ணாடித் துண்டை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறேன், மொத்தம் நான்கு வெள்ளணு. உடம்பு நன்றாக இருக்கிறவர்களுடைய ரத்தத்தில் ஒரு சொட்டைத் தேய்த்துவைத்தால் பார்க்கிற இடமெல்லாம் நிற்கும், பேச்சுக்கொடுத்துக்கொண்டே நூறு எண்ணிவிடலாம், எண்ணியிருக்கிறேன், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேஸ் சிலிண்டர் புக் பண்ணிக்கொண்டே எண்ணியிருக்கிறேன். இது சண்முகக்கனியின் ரத்தம். காலை ஆறு மணிக்கு எடுத்தது. மெஷின் பூஜ்ஜியம் புள்ளி ஒன்று என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறது, அதற்கென்ன, இவ்வளவு குறைவாக இருந்தால் மெஷினை நம்பக்கூடாது, ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்று விதி எழுதியதே நான்தான். லிம்போசைட் வெள்ளணுவில் வேறு வகை, அது எத்தனை வந்தாலும் எனக்கு உதவாது, நான் தேடுவது நியூட்ரோபில். மூன்று நான்கு துண்டாக மடிந்த கருவோடு இருக்கும் ஒரு வெள்ளணு, காய்ச்சல் கிருமியோடு சண்டைபோடுகிற அணு. அதில் ஒன்று கண்ணில் பட்டால்கூடப் போதும், அவளுக்குள் ஏற்றிய ஸ்டெம் செல், ரத்தத்தை உண்டாக்குகிற மூல அணு, எலும்புக்குள் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏற்றியதிலிருந்து பதினோராம் நாள் தெரிய ஆரம்பிக்கும். மிஞ்சிப்போனால் பதின்மூன்று. இன்று இருபத்து மூன்று. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் உட்கார்ந்திருக்கிறார், கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக அவருடைய சட்டைக் காலர் தெரிகிறது, நீலக் கட்டம் போட்ட சட்டை, நேற்றும் அதே சட்டை. திரும்பிப் பார்க்காதே. ஸ்லைடைப் பார். லிம்போசைட். ஐந்து.

முன்பெல்லாம் இந்த வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வதில் ஒரு பெருமை தொனிக்கும், எனக்கே கேட்கும். புற்றுநோய் விடாப்பிடியாக இருக்கும்போது மருந்தை உச்சத்துக்குக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தால் எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமும் சேர்ந்து செத்துப்போகும், அதனால் அதற்கு முன்னாலேயே அவர்கள் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து எடுத்து உறையவைத்து வைத்துக்கொள்வோம், மருந்து தன் வேலையை முடித்ததும் உருக்கித் திரும்ப ஏற்றுவோம், அவ்வளவுதான், விதைநெல்லை எடுத்துவைத்துவிட்டு வயலைக் கொளுத்துகிற மாதிரி, என்பேன். கேட்பவர்கள் ஆகா என்பார்கள். விதைநெல் போதுமா என்று அளந்து சொல்வது நான். டாக்டர் கோ. இன்பவல்லி, ஸ்டெம் செல் ஆய்வகம், பச்சை மையில் கையெழுத்து. ஏற்றிய நாளைப் பூஜ்ஜிய நாள் என்போம், வார்டு நர்சுகள் அதைப் பிறந்தநாள் என்பார்கள், கதவில் பலூன் ஒட்டுவார்கள். அன்றைக்கு நானும் போயிருந்தேன். உறைந்த ஸ்டெம் செல் பை உருகி வெந்நீர்த் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது அந்த நாற்றம், உறையவைக்கும்போது கலக்கிற மருந்தின் நாற்றம், வேகவைத்த சோளமும் பூண்டும் சேர்ந்த மாதிரி, அறை முழுக்க, அவள் மூச்சில்கூட. சண்முகக்கனி கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர், முப்பத்தெட்டு வயது, மொட்டைத் தலையோடு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, 'மேடம், எங்க பிள்ளைங்க போட்டிக்கு முந்தி கோட்டுல நிக்கிற மாதிரி இருக்கு எனக்கு' என்றாள். நான் சிரித்து, 'இருபத்தாறு லட்சம் இருக்கு, கவலைப்படாதீங்க' என்றேன். அதை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். யார் கேட்டார்கள்? கிலோ எடைக்கு இருபது லட்சம் இருந்தால் போதும், உங்களுக்கு இருபத்தாறு இருக்கிறது என்று பரீட்சை மார்க் மாதிரிச் சொன்னேன், அவள் விரல்விட்டு ஆறு அதிகமா என்று சந்தோஷப்பட்டாள். ஆறு அதிகம். வாயில் சனி. அன்றிலிருந்து மாரிக்கண்ணனும் தினமும் காலையில் வந்து கேட்பார், இன்னைக்கு எத்தனை மேடம். பத்து நாள் வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை, கேட்பதை மட்டும் விடவில்லை. இன்னொன்றும் கவனித்தேன், மற்ற வீட்டு ஆட்களெல்லாம் மேலே வார்டு ஜன்னல் பக்கம்தான் நிற்பார்கள், தொற்று வந்துவிடும் என்று உள்ளே விடுவதில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் போன், இவர் மட்டும் அங்கே போகாமல் நாளெல்லாம் என் கதவை விட்டு அசைவதில்லை. சந்தேகப்படுகிறார். வேறு என்ன? என்னை நோட்டம் பார்க்கிறார் என்றுதான் நேற்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கழுத்து வலிக்கிறது. ஆறு. இது என்ன, உடைந்த செல், கணக்கில் சேராது. கணக்கு. சே. நேற்று மாலை ஐந்து மணிக்குத்தான் தெரிந்தது, அதுவும் அவளுக்காகத் தேடி அல்ல, என் ஆராய்ச்சிக்கு அட்டவணை போட உட்கார்ந்தபோது. என் ஆராய்ச்சி என்ன என்றால், நம் ஊர் ஆட்களுக்கு ஒரே நாள் ஸ்டெம் செல் சேகரிப்பே போதும், இரண்டாம் நாள் மூன்றாம் நாள் என்று அவர்களை மெஷினில் கட்டிப்போட வேண்டாம் என்று நிரூபிப்பது. நல்ல எண்ணம்தான். நாற்பது பேர் வேண்டும், முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள், இவள் முப்பத்தொன்று. ஜூலை நான்காம் தேதி, மதியம் எனக்கு ஐதராபாத்துக்கு விமானம், மாநாட்டில் இதைப் பற்றித்தான் பேச்சு. அன்று அவளிடம் சேகரித்த பை வந்தது. சாம்பிள் கெட்டியாக இருந்தால் அதே அளவு உப்புத் தண்ணீர் விட்டுப் பாதியாக்கித்தான் எண்ணுகிற மெஷினில் விடுவோம், அப்புறம் வருகிற எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். எப்போதும் டெக்னீஷியன் ஜெபராஜ் வந்ததை அப்படியே எழுதுவார், பெருக்குவது நான், இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். அன்றைக்கு அவர் பெருக்கிவிட்டு எழுதியிருக்கிறார். ஆறரை வந்திருக்கிறது, பதின்மூன்று என்று எழுதியிருக்கிறார். நான் பதின்மூன்றைப் பார்த்தேன், இரண்டால் பெருக்கினேன், இருபத்தாறு. எழுதினேன். பச்சை மை. இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது, மேடம் போட்டிருக்கிறார்களே என்று ஜெபராஜ் பார்க்காமல் போட்டார், ஜெபராஜ் எழுதியதாயிற்றே என்று நான் பார்க்காமல் போட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு. வார்டுக்குப் போன் போட்டு, 'போதும், நாளைக்கு வேண்டாம், மெஷினைக் கழற்றிடுங்க' என்று சொன்னது இந்த வாய்தான். அவள் நரம்பில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது பதின்மூன்றோடு இன்னொரு பதின்மூன்று, இன்னும் ஒரே ஒரு நாள், நான்கு மணி நேரம் படுத்திருந்தால் முடிந்திருக்கும். விமானத்தில் உட்கார்ந்து என் பேச்சில் முப்பது என்று இருந்ததை முப்பத்தொன்று என்று மாற்றினேன். மேடையில் சொன்னேன், இன்று காலைகூட ஒரு நோயாளி, என்று. கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது காது மடல் சுடுகிறது.

இருபத்தாறு என்பது எனக்குப் பிடித்த எண்ணாக இருந்தது, அதுதான் விஷயம், பிடிக்காத எண்ணாக இருந்திருந்தால் இரண்டு தரம் பார்த்திருப்பேன், பதினெட்டு என்று வந்திருந்தால் ஜெபராஜைக் கூப்பிட்டுக் குடைந்து எடுத்திருப்பேன். அதற்குப் பிறகும் ஒரு தரம் தெரிந்துகொள்ள இடம் இருந்தது. பை உருகியதும் ஒரு துளி எடுத்து மறுபடி எண்ணுவோம். ஒன்பது வந்தது. ஒன்பதா என்று ஒரு நிமிஷம் நின்றேன், நின்றது ஞாபகம் இருக்கிறது, கையில் பேனா இருந்தது. உறைந்து உருகும்போது கொஞ்சம் செத்துப்போகும், எப்போதும் சாகும், இதில் கொஞ்சம் கூடுதலாகச் செத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அப்போது தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? மருந்து ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை. இன்னொரு பை இல்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லை, வெளியாள் கொடையாளிக்கு எழுதிப்போட்டிருக்கிறோம், பொருத்தம் பார்த்து வருவதற்கு இரண்டு மாதம் ஆகும், அவளுக்கு இரண்டு மாதம் யார் கொடுப்பார்கள்? நேற்று நூற்று மூன்று காய்ச்சல். மூன்றாவது ஆன்டிபயாடிக். வாயெல்லாம் புண். ஒரு பூஞ்சைக் காளான் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் தீர்ந்தது. நாற்பதாம் நாள் நியூட்ரோபில் வந்து பிழைத்தவர்களும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன், இரண்டு பேர். வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாதே. காலை எட்டு மணிக்குத் துறைத் தலைவர் வைகுந்தனிடம் போய்ச் சொல்லிவிட்டேன், பதிவேட்டையும் காட்டினேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். 'இன்னைக்கு ஸ்லைடை நீங்களே பாருங்க இன்பவல்லி. ஒண்ணு ரெண்டு நியூட்ரோபில் தெரிஞ்சுட்டா போதும், வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் எதுக்கு இந்தப் பேச்சு?' என்றார். 'தெரியலைன்னா சார்?' என்றேன். 'தெரியலைன்னா விசாரணைக் கமிட்டி கூடட்டும், அதுவரைக்கும் குடும்பத்துக்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம்.' அதனால்தான் இப்படித் தேடுகிறேனா? இந்த ஒற்றை அணு யாருக்கு வேண்டும், அவளுக்கா எனக்கா? அவளுக்குத்தான் என்று உடனே பதில் சொல்கிறேன், உடனே சொல்வதாலேயே நம்ப முடியவில்லை. ஏழு. லிம்போசைட். கதவு திறக்கிற சத்தம், மாரிக்கண்ணனோ, இல்லை, ஜெபராஜ். 'மேடம், டீ ஆறிப்போச்சே, வேற கொண்டுவரச் சொல்லட்டுமா?' என்கிறார். கண்ணை எடுக்காமலே கேட்டேன், 'ஜெபராஜ், ஜூலை நாலாம் தேதி அந்தக் கோவில்பட்டி டீச்சர் கவுன்ட், பெருக்கிட்டா எழுதினீங்க?' 'ஆமா மேடம்' என்றார், குரலில் ஒரு சந்தோஷம், 'உங்களுக்கு ஃபிளைட்டுக்கு நேரமாச்சுல்லா. ஒரு வேலையாவது மிச்சமாகட்டும்னு நானே பெருக்கி வச்சேன். சொல்லலையோ?' கையில் இருப்பதைத் தூக்கி எறிந்து கத்த வேண்டும் போல் இருந்தது. எதற்குக் கத்துவது, எனக்கு உதவி செய்ததற்கா? 'இல்ல, சொல்லல. சரி, போங்க, டீ வேண்டாம்' என்றேன். அவர் நாற்காலியைச் சத்தம் வராமல் நகர்த்திவைத்துவிட்டுப் போனார், எப்போதும் அப்படித்தான், நல்ல மனுஷன்.

மாரிக்கண்ணன் மின்வாரியத்தில் லைன்மேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அப்போது இன்னும் பேசிக்கொண்டிருந்த காலம், கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் லைன் கிளியர் வாங்குவதைப் பற்றிச் சொன்னார். கரண்டை நிறுத்திவிட்டோம் என்று சப்ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பார்களாம், அதை யார் பெயரில் வாங்குகிறார்களோ அவரே வேலை முடிந்து இறங்கிவந்து திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி கரண்டு விடுவார்களாம், அவர் அண்ணனே போய்க் கேட்டாலும் விடமாட்டார்களாம். 'ஏன்னா மேல நிக்கிறது ஆளுல்லா மேடம்' என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு வருஷம் கம்பம் ஏறி ஒரு தரம்கூட ஷாக் அடித்ததில்லை என்றார். எனக்கும்தான் அடித்ததில்லை, இங்கே அடிபடுவது என் உடம்பு இல்லையே. இரு. இரு இரு. இது என்ன. ஓரத்தில், ஸ்லைடின் நுனி மெல்லியதாகிற இடத்தில், ஊதா நிறத்தில், இரண்டு துண்டு, மூன்றாவது ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு. எண்ணெய் விட்டுப் பெரிதாக்கிப் பார். ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் மூன்று விட்டுவிட்டேன். ஃபோகஸ் பண்ணு. வந்துவிடு, வந்துவிடு தாயே, ஒன்றே ஒன்று, நான் இனிமேல் எந்த மாநாட்டுக்கும் போகவில்லை, ஆராய்ச்சியைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். யாரிடம் பேரம் பேசுகிறேன், சாமி கும்பிட்டே எத்தனை வருஷம் ஆயிற்று. உருண்டையைச் சுற்றித் தோல் இருக்கிறதா, இளஞ்சிவப்பாக ஒரு மாவு தூவின மாதிரி இருக்க வேண்டும், இருக்கிறதா, இருக்கிற மாதிரி இருக்கிறது, இல்லை. சுற்றி ஒன்றும் இல்லை. சாயப் பொடி. அணு தெரிவதற்காக ஸ்லைடில் ஊற்றுகிற சாயம், வடிகட்டாததால் காய்ந்து ஒட்டியிருக்கிறது. முதல் வருஷ மாணவர்கள் இதைக் காட்டி நியூட்ரோபில் என்றால் அவர்களைக் கிண்டல் செய்து வெளியே அனுப்புவேன். இப்போது நான் அதை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் மாறிவிடுமா என்று. வைகுந்தனிடம் ஒன்று தெரிந்தது என்று சொன்னால் அவர் வந்து பார்க்கமாட்டார், நம்பிவிடுவார், நம்புவதற்குத் தயாராக இருக்கிறார். கடைசி வரி. இன்னும் ஒரு லிம்போசைட். ஸ்லைடு முடிந்தது. எட்டு லிம்போசைட், நியூட்ரோபில் சைபர். கண்ணை எடுத்தால் அறை முழுக்க மஞ்சள் வட்டமாக நீந்துகிறது, ஏ.சி.யின் காற்றுப்பட்டு முதுகில் வேர்வை குளிர்கிறது. மணி பத்தேகால். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். சைபர் என்று மட்டும் சொல்லு. அவ்வளவுதான். கமிட்டி கூடட்டும்.

கதவைத் திறந்ததும் அவர் எழுந்துவிட்டார். எழுந்தவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை, என் முகத்திலேயே பார்த்துக்கொண்டார் போல. 'இல்ல மாரிக்கண்ணன்' என்றேன். தலையை ஆட்டினார். தாடி ஒரு வாரத்துத் தாடி, பாதி நரை. 'மேடம், ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும்' என்றார், 'இது ஏன் வர மாட்டேங்குது? பக்கத்து ரூம்ல உள்ளவங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. அவளுக்கு மட்டும் ஏன்?' உடம்புக்கு உடம்பு மாறும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் எனக்கு நன்றாகப் பழக்கம், ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன், ஆனால் வந்தது வேறு. 'உங்க மனைவிக்கு ஏத்தினது போதாது. நான் தப்பா எண்ணிட்டேன். இருபத்தாறுன்னு சொன்னேன்ல, அது பதிமூணு. இன்னொரு நாள் எடுத்திருக்கணும், நான்தான் வேண்டாம்னு சொன்னேன். தப்பு முழுக்க இங்கதான், என்னோடது.' சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன், நாலு பேர் கூடட்டும், ஜெபராஜ் ஓடி வரட்டும், எனக்கு ஒரு வலியாவது கிடைக்கட்டும். அவர் உதடு அசைந்தது. 'அப்ப அந்த வெள்ளரிப்பிஞ்சு இல்லையா?' என்றார். எனக்குப் புரியவில்லை. 'பச்சையா ஒண்ணும் திங்கக்கூடாதுன்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாங்க. ஆறாம் நாளு கூட்டுற அம்மாகிட்டச் சொல்லி ரெண்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்னுட்டா மேடம். வாயி கசக்குன்னு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன் கையாலயே உனக்குக் கொள்ளி வச்சுக்கிட்டயேன்னு ஏசிட்டேன். போன்லயே ஏசிட்டேன். அதுக்கப்புறம் அந்த ஜன்னல் பக்கமே நான் போகல. பதினேழு நாளாச்சு. தினமும் நர்சம்மாகிட்டச் சொல்லி விடுதா, நம்பர் வந்துருச்சுன்னா என்கிட்டப் பேசுவாரான்னு கேட்டுச் சொல்லுங்கன்னு.' அவர் அழவில்லை. மூச்சுதான் ஒரு மாதிரி வந்தது. 'வெள்ளரிப்பிஞ்சுனால இது நடக்காது' என்றேன், 'சத்தியமா நடக்காது.' என் முழங்கையைப் பிடித்தார், கம்பம் ஏறுகிற கை, வலித்தது. 'நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க மேடம். நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்லுதேன்னு நினைப்பா.' லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, படியில் மூன்று மாடி, அவர் முன்னால் ஓட நான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், தோள் எலும்பு துணிக்கு மேல் துருத்திக்கொண்டு. நர்ஸ் தட்டித் திருப்பினாள், அவரைப் பார்த்ததும் எழப் பார்த்து முடியாமல் போனை மட்டும் காதில் வைத்துக்கொண்டாள். நான் போனை வாங்கி எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், பதின்மூன்று, இருபத்தாறு, இரண்டு தரம் பெருக்கியது, தப்பு என்னுடையது, நீங்கள் தின்றதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெடித்த உதட்டோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். உனக்குப் பிழைக்க வழி குறைவு, அதற்குக் காரணம் நான் என்றுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளோ கேட்கக் கேட்க முகம் தெளிந்துகொண்டே வந்தாள், பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முடித்ததும் குழறிய வாயால், 'நான் இல்லையா மேடம்?' என்றாள். 'நீங்க இல்ல' என்றேன். 'அவர்கிட்டக் குடுங்க' என்றாள். கொடுத்தேன். என்னைத் திட்டுவாள், சபிப்பாள், அவரிடமாவது என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பக்கத்திலேயே நின்றேன். ரிசீவரிலிருந்து அவள் குரல் எனக்கும் கேட்டது, 'ஏங்க, ஏன் இப்படி இளைச்சுப் போனீங்க?' அவர் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு, 'ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நிற்பது அவர்களுக்கு மறைத்தது. கொஞ்சம் தள்ளி நின்றேன்.